தும்பைப்பூவை நான் பார்த்ததில்லை



இன்று ஒரு பொய்யைப் பற்றி எழுதப் போகிறேன். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். சொன்ன இடம் வகுப்பறை. கேட்டவர்கள் தொடக்கநிலை ஐந்தில் பயிலும் பதினான்கு பிள்ளைகள்.

கட்டுரைப் பயிற்சிக்காக நான் பல ஆண்டுகளாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். வருணனைத் தொடர்கள் என்பது அதன் தலைப்பு. முத்துப் போன்ற பற்கள், கோவைப்பழம் போன்ற உதடுகள், தும்பைப்பூப் போன்ற வெண்மை என்று நாற்பது தொடர்கள் அதில் இருக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். கட்டுரையில் வரும் தாத்தா எவராக இருந்தாலும் தும்பைப்பூப் போன்ற வேட்டியே உடுத்தியிருப்பார். நானும் பக்கத்தில் ஒரு சரிக்குறி போடுவேன். இருபது ஆண்டுகளாக இப்படித்தான் நடந்து வருகிறது.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாணவன் கை தூக்கினான். "சார், தும்பைப்பூ எப்படி இருக்கும்?" என்றான். "சிறிய வெள்ளைப் பூ. கிராமத்தில் நிறைய இருக்கும்" என்றேன். அவன் விடவில்லை. "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேனே" என்றேன்.

பார்த்ததில்லை. நான் பிறந்தது சிங்கப்பூரில். வளர்ந்தது அடுக்குமாடி வீட்டில். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் நான்கைந்து முறை தமிழ்நாடு சென்றிருக்கிறேன். கோயில்களைப் பார்த்தேன், உறவினர் வீடுகளில் சாப்பிட்டேன், துணிக்கடைகளில் நின்றேன். வழியோரத்தில் என்ன செடி இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை. பிள்ளைகள் முன்னால் அதை ஒப்புக்கொள்ள அன்று எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஒரு பொய் தனியாக இருப்பதில்லை. அடுத்த வாரமே அதற்குத் துணை தேட வேண்டியதாயிற்று. "அந்தப் பூவைக் காட்டுங்கள் சார்" என்று வகுப்பு முழுவதும் கேட்கத் தொடங்கிவிட்டது. செடிகளைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டினேன். தும்பை சிறு செடி, தண்டு சதுரமாக இருக்கும், இலைகள் எதிரெதிராக அமையும், கணுக்களைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூக்கும் என்று படித்தேன். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் கீழே உள்ள புல்தரையில் அப்படி ஒரு செடி இருப்பது நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தேன். சிறு செடி. தண்டு சதுரம். எதிரெதிர் இலைகள். கணுக்களில் வெள்ளைப் பூக்கள். எல்லாம் பொருந்திவிட்டன. மகிழ்ச்சியோடு நான்கு கிளைகளைப் பறித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். "இதோ தும்பை" என்றேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கேள்வி கேட்ட மாணவன் ஒரு கிளையை வீட்டுக்கு எடுத்துச் சென்றான்.

அவன் வீட்டில் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பாட்டி இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

பெற்றோர் சந்திப்பு நாளன்று பையனின் தாயாருடன் அந்தப் பாட்டியும் வந்திருந்தார். மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, எழுந்து போகும்போது அவர் தயங்கி நின்றார்.

"வாத்தியார் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க குடுத்து விட்டது தும்பை இல்ல. அது நத்தைச்சூரி."

எனக்கு முகம் சூடேறியது. "தண்டு சதுரமாக இருந்ததே அம்மா" என்றேன்.

"ரெண்டுக்கும் அப்படித்தான் இருக்கும். பூவைப் பாக்கணும் தம்பி. நத்தைச்சூரிக்கு நாலு இதழ், நாலும் ஒண்ணு போல இருக்கும். தும்பைக்கு உதடு இருக்கும். கீழ் உதடு நாக்கை நீட்டுற மாதிரி தொங்கும். இலையைக் கசக்கிப் பாத்தாலே போதும். தும்பைன்னா வாசம் மூக்குல ஏறும்."

தமிழாசிரியரான எனக்குத் தமிழ்ச்சொல் ஒன்றின் பொருளை அன்று அவர் கற்றுக்கொடுத்தார். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது என்று அவர் பேச்சினிடையே சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் வகுப்பில் இரண்டு செய்திகளைச் சொன்னேன். நான் காட்டியது தும்பை அன்று. நான் தும்பையைப் பார்த்ததே இல்லை. சொல்வதற்கு முன் இருந்த பயம் சொன்ன பிறகு இல்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாணவி மட்டும், "அப்படியானால் இந்தத் தாளில் உள்ள மற்றவற்றை எல்லாம் பார்த்திருக்கிறீர்களா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இதே நாள்களில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. "தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை" என்னும் பழமொழிக்குப் படம் வரையச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவனையும், அவன் காலடியில் கிடக்கும் வெள்ளைப் பூங்கொத்தையும் வரைந்திருந்தான். தவறு அவனுடையது அன்று. பழமொழியில் வருவது தும்பு என்னும் சொல். மாட்டைக் கட்டும் கயிறு. தும்பு என்பதோடு ஐ உருபு சேர்ந்தால் தும்பை. இரண்டையும் ஒரே மாதத்தில் கற்பித்துவிட்டு, ஒன்றைக் கூடக் கண்ணால் காட்டாத ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளை வேறு என்ன வரையும்? அந்தப் படத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கயிற்றை விட்டுவிட்டு வாலைப் பிடித்தவன் நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

தும்பை எது?

பொய்யைத் திருத்திக்கொண்டால் மட்டும் போதாது, பூவையும் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் முறையாகப் படித்தேன்.

நம் இலக்கியத்தில் வரும் தும்பையை இன்று தாவரவியலார் லூகாஸ் ஆஸ்பெரா என்று அழைக்கிறார்கள். லூகாஸ் என்னும் இனப்பெயரை 1810ஆம் ஆண்டில் இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலார் அமைத்தார். வெண்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆஸ்பெரா என்பது சொரசொரப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். இலையைத் தடவிப் பார்த்தால் காரணம் தெரியும். நாம் வெண்மைக்குத் தும்பையைச் சொல்கிறோம். அவர்கள் தும்பைக்கு வெண்மையைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இது துளசி, புதினா, கற்பூரவல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் வருவதை அறிவீர்கள். அந்த வரிசையில் தும்பையை அடுத்து நிற்பது துழாய், அதாவது துளசி. ஓசைக்காக அமைந்த வரிசையாகவே இருக்கலாம். ஆயினும் உறவினர் இருவரும் அருகருகே நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

செடி ஒரு சாணிலிருந்து இரண்டு, மூன்று சாண் வரை வளரும். ஓராண்டுக்குள் வாழ்ந்து முடித்துவிடும். தரிசு நிலத்திலும், வயல் வரப்பிலும், வழியோரத்திலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும். கணுவைச் சுற்றி உருண்டையாகப் பச்சைக் கிண்ணங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு பூ எட்டிப் பார்க்கும். மேல் உதடு சிறியது, குல்லாய் போல் வளைந்து வெண்பஞ்சு போன்ற மயிர் போர்த்தியது. கீழ் உதடு பெரியது, மூன்று பிளவுகளாக விரிந்தது. பூவின் அடியில் ஒரு துளி தேன் இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் பூவை இழுத்து உறிஞ்சுவார்கள். சிவ வழிபாட்டில் இதற்கு இடம் உண்டு. கேரளத்தில் ஓணப் பூக்கோலத்தில் தும்பைப்பூ இடம்பெறும். இலங்கையின் பெயரைத் தாங்கிய உடன்பிறப்பு இனம் ஒன்றும் உண்டு. அதன் இலையை அந்நாட்டில் கீரையாகவும் கஞ்சியிலும் சேர்த்து உண்கிறார்கள்.

எங்கள் தளத்தில் வசிக்கும் மலாய் மூதாட்டி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் "கெதும்பிட்" என்றார். கண் இமையில் வரும் கட்டிக்கும் மலாய் மொழியில் அதே பெயர்தான், அந்தக் கட்டிக்கு அவருடைய தாயார் இந்த இலையைப் பயன்படுத்தினார் என்றார். அவர் அறிந்தது அந்த உடன்பிறப்பு இனமாக இருக்கலாம். நான் இருபது ஆண்டுகளாக வாயால் மட்டும் அறிந்த செடியை, நான்கு வீடு தள்ளி இருந்தவர் கையால் அறிந்திருந்தார்.

சிறு பூவும் பெரும் போரும்

தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாக வகுக்கிறது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண். பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாக விரிக்கிறது. இரண்டிலும் தும்பை உண்டு. ஆநிரையைக் கவர்வதற்காகவோ நாட்டைக் கொள்வதற்காகவோ அன்றி, தன் வலிமையே பொருளாக எதிர்த்து வரும் வேந்தனோடு நேருக்கு நேர் நின்று செய்யும் போர் தும்பை. இரு தரப்பு வீரரும் ஒரே பூவைச் சூடி நிற்பதாக மரபு.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் குன்று நினைவுக்கு வந்தது. பாத்தோக் என்ற பெயருக்கு இரண்டு மூன்று விளக்கங்கள் சொல்வார்கள். மலாய் மொழியில் பாத்துக் என்றால் இருமல். கருங்கல் சுரங்கத்தில் வெடி வைத்த ஓசை இருமல் போல் கேட்டது என்பார்கள். சாவக மொழியில் பாத்தோக் என்பது தேங்காயோடு தொடர்புடைய சொல் என்றும் சொல்வதுண்டு. ஒரு சுரங்கம் இன்று நீர் நிறைந்து சிறிய குவேலின் என்று அழைக்கப்படுகிறது. மற்றொரு சுரங்கம் இருந்த இடத்தில் 1988ஆம் ஆண்டில் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா அமைந்தது.

அந்தக் குன்றின் மேல் 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் தம் வீரர்களுக்காக ஒரு நினைவுத் தூண் எழுப்பினர். கட்டியவர்கள் சிறைப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்கள். அதன் பின்புறத்தில், எதிர்த்து நின்று மாண்ட நேச நாட்டு வீரர்களுக்காகவும் ஒரு மரச்சிலுவை நிறுவப்பட்டது. 1945இல் போர் முடிந்தபோது தூண் அழிக்கப்பட்டது. ஏறிச் செல்லும் படிகளும் விவரப் பலகையும் இன்றும் இருக்கின்றன. மேலே ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. கொன்றவர்க்கும் மாண்டவர்க்கும் ஒரே குன்றில் நினைவுச்சின்னம் இருந்தது. இரு தரப்பும் ஒரே பூவைச் சூடுவது என்றால் என்ன என்பதை அந்தப் படிகளில் நின்றபோதுதான் என் மாணவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது. போரைப் போற்றுவதற்காக அதை நான் சொல்லவில்லை. நாடு பிடிக்க நடந்த அந்தப் போர் தும்பைப் போர் அன்று என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

வளர்த்த கதை

பூங்காவில் செடி பறிப்பது குற்றம். ஊரிலிருந்து செடியைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் கூடாது, உரிய சான்றிதழும் அனுமதியும் வேண்டும். ஆகவே உள்ளூரில் தேடினேன். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் பேட்டைதோறும் சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில், ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர், கத்தரிக்கும் வெண்டைக்கும் நடுவே இரண்டு தும்பைச் செடிகளை விட்டு வைத்திருந்தார். அப்போது பூ இல்லை. காய்ந்த கொத்துகள் மட்டும் இருந்தன. "களை என்று பலர் பிடுங்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை" என்றார். ஒரு கொத்தைப் பழைய நாளிதழில் மடித்துக் கொடுத்தார்.

முதல் முயற்சி ஆகஸ்டில். கடையில் வாங்கிய கறுத்த சத்து மண்ணைத் தொட்டியில் நிரப்பி, விரலால் குழி தோண்டி, விதைகளைப் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. சிறு ஈக்கள் மட்டும் பறந்தன.

இரண்டாம் முயற்சி நவம்பரில். இம்முறை விதையை மேலாகத் தூவினேன். பன்னிரண்டு நாற்றுகள் வந்தன. பிறகு பருவமழை தொடங்கியது. சாரல் நேராக நடைபாதைக்குள் அடித்தது. ஒரு வாரத்தில் எல்லா நாற்றுகளும் அடித்தண்டு அழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

பாட்டி டிசம்பரில் ஊருக்குத் திரும்பினார். பூவைக் காட்டாமல் அனுப்புகிறோமே என்று வருத்தமாக இருந்தது. புறப்படும் முன் பேரனிடம் எனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். "ரொம்பக் கவனிக்க வேண்டாம்னு சொல்லு."

அந்த ஒரு வாக்கியத்தில் தும்பை வளர்ப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. தஞ்சையில் மழைக்கும் மழைக்கும் நடுவே மண் காய்கிறது. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மண் காய்வதே இல்லை. நானோ அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை பிப்ரவரியில், மழை ஓய்ந்த பிறகு விதைத்தேன். அந்த முறை பிழைத்தது. நான் கற்றவற்றைக் கீழே வரிசைப்படுத்துகிறேன்.

1. மண். சத்து மண் ஒரு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. ஒரு சாண் ஆழத் தொட்டி போதும். அடியில் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். உரம் கூடினால் இலை பெருகும், பூ குறையும்.

2. விதைப்பு. விதை மிகச் சிறியது. மண்ணை நனைத்து, மேலாகத் தூவி, கைவிரலால் மெல்ல அழுத்தினால் போதும். புதைக்கக் கூடாது. முளைக்கும் வரை தெளிப்பானால் மட்டும் நீர் தெளிக்க வேண்டும். எனக்கு ஒன்பதாம் நாள் முளைத்தது.

3. வெயில். நாள்தோறும் நான்கு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். நிழலில் செடி நீண்டு மெலிந்து சாயும். நம் அடுக்குமாடிகளில் கிழக்கோ மேற்கோ பார்த்த நடைபாதை ஏற்றது.

4. நீர். மேல்மண் விரலுக்கு உலர்வாகத் தோன்றும்போது மட்டும் ஊற்றுங்கள். தொடர்மழை நாள்களில் தொட்டியை உள்ளே தள்ளி வையுங்கள்.

5. கிள்ளுதல். நாற்று ஒரு விரல் உயரம் வந்ததும் ஒரு தொட்டிக்கு இரண்டு மட்டும் விட்டு மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றலாம். ஆறு இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். கிளை கூடினால் பூவும் கூடும்.

6. பூச்சி. மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மருந்து அடிக்க வேண்டாம். பிள்ளைகள் தொடுவார்கள், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும்.

7. விதை சேகரிப்பு. கொத்து பழுப்பாகிக் காய்ந்ததும் வெட்டி, வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். ஒரு கிண்ணத்தில் நான்கு விதைகள் வரை இருக்கும். காகித உறையில் வையுங்கள். செடி அதன் பிறகு காய்ந்துவிடும். அது நோய் அன்று, அதன் ஆயுள் அவ்வளவுதான்.

அடுக்குமாடியில் வசிப்போர் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும். தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கவே கூடாது. தொட்டியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும், டெங்கி வரும். நான் தட்டே வைப்பதில்லை. இறுகிய மேல்மண்ணைக் குச்சியால் கிளறிவிடுகிறேன்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். சளிக்கும் இருமலுக்கும் தலைவலிக்கும் தும்பையைப் பயன்படுத்துவது நம் வீட்டு மரபு. இருமல் குன்றில் இருமலுக்கு மருந்து வளர்க்கிறீர்களா என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். தாயார் ஒருவர், மூக்கில் பிழிந்துவிட இலை கேட்டார். நான் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் மூக்கிலும் கண்ணிலும் எந்தச் சாற்றையும் விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றேன். பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு போதும் என்ற நம்பிக்கையும் ஊர்களில் உண்டு. அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது உயிருக்கு ஆபத்து. நான் செடியைக் கற்பிக்கிறேன், மருத்துவத்தை அன்று.

வகுப்பில் பூத்தது

ஏப்ரல் மாதம், தமிழ்மொழி விழா நாள்கள். எட்டாவது வாரத்தில் முதல் பூ வந்தது. தொட்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். என் பிள்ளைகள் இப்போது தொடக்கநிலை ஆறுக்கு வந்துவிட்டார்கள். இறுதியாண்டுத் தேர்வு பக்கத்தில் இருக்கிறது. ஒரு பாடவேளையை ஒரு செடிக்குக் கொடுக்கலாமா என்று தயங்கினேன். கொடுத்தேன்.

கேள்வி கேட்ட மாணவனை முதலில் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தான். "இவ்வளவு சின்னதா சார்?" என்றான். பிறகு இலையைக் கசக்கி முகர்ந்து மூக்கைச் சுருக்கினான். "பாட்டி சொன்னது சரிதான்" என்றான். ஒரு பையன் வெள்ளைத்தாளை அருகில் வைத்து, எது வெள்ளை என்று ஒப்பிட்டான். தாள் சற்று நீலமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். ஒரு மாணவி பூவை மெல்லத் தொட்டாள். தொட்டதும் பூ கையோடு வந்துவிட்டது. பயந்து என்னைப் பார்த்தாள். "தும்பை அப்படித்தான், எளிதில் உதிரும்" என்றேன்.

அந்த வாரக் கட்டுரையில் அந்த மாணவி எழுதியிருந்தாள்: "அக்காவின் கோபம் தும்பைப்பூப் போன்றது. நான் மெதுவாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது."

இந்த உவமை என் தாளில் இல்லை. வேறு எவருடைய தாளிலும் இல்லை. இருபது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தும்பைப்பூ வேட்டிகளைத் திருத்தியிருக்கிறேன். தும்பையைப் பார்த்து எழுதிய முதல் வாக்கியம் இதுதான். பக்கத்தில் சரிக்குறி மட்டும் போட மனம் வரவில்லை. "இதை நீயே கண்டுபிடித்தாய்" என்று எழுதினேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தக் குறைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல் மறைகிறது என்று வருந்துகிறோம். என் வகுப்பில் சொல் மறையவில்லை. தாளில் பத்திரமாக இருந்தது. பிள்ளைகள் எழுத்துப்பிழையின்றி எழுதினார்கள். பொருள்தான் இல்லை. பொருள் இல்லாத சொல்லைப் பிள்ளை எத்தனை நாள் சுமக்கும்? தேர்வு முடியும் வரை சுமக்கும். பிறகு இறக்கி வைத்துவிடும். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானே அப்படித்தான் சுமந்துகொண்டிருந்தேன்.

பூவின் படத்தைப் பையனின் தாயார் வழியாகப் பாட்டிக்கு அனுப்பினேன். அன்று மாலையே குரல்பதிவு வந்தது. "இதுதான் தும்பை. நல்லா வந்திருக்கு தம்பி. தண்ணிய மட்டும் கொறச்சுக்குங்க."

இனி, அந்த மாணவியின் கேள்வி. மற்றவற்றை எல்லாம் பார்த்திருக்கிறீர்களா சார்? ஒருநாள் மாலை அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது தொடர்களில் நான் என் கண்ணால் காணாதவை பதினொன்று இருந்தன. அவற்றின் எதிரே ஒரு சிறு வட்டம் போட்டேன். இப்போது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளிலும் அந்த வட்டங்கள் இருக்கின்றன. "வட்டமிட்டவற்றை ஆசிரியர் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள்" என்று கீழே அச்சிட்டிருக்கிறேன். மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டில் கேட்டு வந்து இரண்டு வட்டங்களை அழித்திருக்கிறார்கள்.

சக ஆசிரியர்களே, உங்கள் தாளிலும் ஒருமுறை வட்டம் போட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை ஒருநாள் அவர்கள் கையில் கொடுங்கள். எங்களைத் திருத்த அவர்களால் முடியும்.

என் தாளில் இன்னும் ஒன்பது வட்டங்கள் இருக்கின்றன. அடுத்தது கோவைப்பழம். அது இந்த ஊரிலேயே வேலிகளில் தானாகப் படரும் கொடி என்று தோட்டத்துப் பெரியவர் சொல்கிறார். பச்சையாக இருக்கும் காயைக் கறிக்கடையில் பார்த்திருக்கிறேன். சிவந்த பழத்தைப் பார்த்ததில்லை. வரும் சனிக்கிழமை கால்வாய் ஓரமாக நடந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். கிடைத்தால், இம்முறை வகுப்புக்கு எடுத்துச் செல்லும் முன் அந்தப் பாட்டிக்கு ஒரு படம் அனுப்பிக் கேட்டுவிடுவேன்.